அக்கா தங்கைகள் கதையை மேடையேற்றுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புதுக் குழுக்களுக்கு

சிறு வயதில் வீட்டுக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்கள், வளர்ந்த பிறகு அதைச் சுமந்துகொண்டு எப்படி வாழ்கிறார்கள்? அதிலும் ஒரே வீட்டில் பிறந்த அக்கா தங்கைகள் என்றால் அவர்களுக்குள் என்ன பேசிக்கொள்வார்கள், எதைப் பேசவே மாட்டார்கள்? இதை நாடகமாகப் போட விரும்பும் கல்லூரி மாணவிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் இந்தக் கட்டுரை. மேடை அனுபவம் இல்லாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

டெங்கு, குடிப்பழக்கம் பற்றித் தெருநாடகம் போடுகிற மாதிரி இதைப் போட முடியாது. பார்க்க வந்தவர்களில் சிலருக்கு இது சொந்தக் கதை. நடிக்க வந்தவர்களிலும் இருக்கலாம். 2007ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருந்தவர்கள். நூறு நாற்காலி போட்ட பந்தலை இந்தக் கணக்கோடு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் நடப்பதைப் பந்தலில் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1990களின் கடைசியில் பெண்சிசுக் கொலைக்கு எதிராகத் தருமபுரி மாவட்டக் கிராமங்களில் கலைப்பயணக் குழுக்கள் நாடகம் போட்டன. அப்போது கிருஷ்ணகிரியும் அதே மாவட்டம்தான், 2004ல்தான் பிரிந்தது. ஆனால் அந்த நாடகங்களுக்கு ஒரு கோஷம் இருந்தது: கொல்லாதே. நீங்கள் போடப் போகும் நாடகத்துக்கு அப்படி ஒரு கோஷம் கிடையாது. நடந்தது நடந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகான இருபது வருஷம்தான் உங்கள் கதை. இதை மறந்துவிட்டு நடந்த சம்பவத்தையே மேடையில் காட்டப் போகிற குழுக்கள்தான் வழுக்கி விழுகின்றன.

யாருடைய கதை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் கூட்டத்திலேயே ஒருவர், "எங்க தெருவுல ஒரு வீடு இருக்கு, அந்தக் கதையையே எடுத்துக்கலாம்" என்பார். எடுக்காதீர்கள். பாலக்கோடானாலும் ஊத்தங்கரையானாலும் ஊர் சின்னது. மூன்று பெண்கள், அப்பா லாரி டிரைவர், வாசலில் புளியமரம் என்று சொன்னாலே போதும், பந்தலில் இருப்பவர்கள் கதவு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டால்கூட, அவர்களுடைய பிள்ளைகள், மாமியார் வீடு என்று அதில் மாட்டிக்கொள்பவர்கள் பலர்.

கற்பனையாக எழுதுங்கள். பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து ஒரு வீடு கட்டுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். குலதெய்வத்தின் பெயர், தாலியின் வகை, கல்யாணச் சடங்கின் முறை, இவையெல்லாம் சாதியைக் காட்டிக் கொடுத்துவிடும். காட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? "அவங்க ஆளுங்க வீட்லதான் இப்படியெல்லாம்" என்று மற்ற எல்லாரும் நிம்மதியாக எழுந்து போய்விடுவார்கள். எந்த வீடாகவும் இருக்கலாம் என்ற சங்கடம் கடைசி வரைக்கும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. சில இயக்குநர்கள் ஒத்திகையில் நடிகைகளை வட்டமாக உட்கார வைத்து, "உங்க வாழ்க்கையில நடந்ததைச் சொல்லுங்க, அதிலிருந்து காட்சி பிறக்கும்" என்பார்கள். இந்த விஷயத்தில் அது கூடாது. ஒருத்தி ஏதோ வேகத்தில் சொல்லிவிடுவாள், மறுநாள் அதே ஊரில் அதே பஸ்ஸில் அந்த ஏழெட்டுப் பேர் முகத்தைப் பார்க்க வேண்டும். தானாக வந்து தனியாகச் சொன்னால் கேளுங்கள். கேட்டதை வசனமாக்காதீர்கள்.

கதை நடக்கிற நாளைத் தேர்ந்தெடுங்கள்

வேறு வேறு ஊரில் இருக்கும் சகோதரிகள் ஒரே வீட்டில் ஒரு நாள் அடைபட வேண்டும். சாவு, கல்யாணம், சொத்துப் பிரிப்பு எல்லாம் எல்லோருக்கும் தோன்றுவது. நான் புதுக் குழுக்களுக்குச் சொல்வது மஞ்சள் நீராட்டு விழா. ஏனென்று பாருங்கள்.

மூன்று சகோதரிகள் என்று வையுங்கள். பெரியவளுடைய மகள் வயதுக்கு வந்திருக்கிறாள். தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். இந்த மூன்று பெண்களுக்கும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. அப்படியென்றால் பங்காளி வழியில் அண்ணன் முறை உள்ளவன் வந்து நிற்க வேண்டும். பெரியப்பா மகன் இருக்கிறான். பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கும்போது இவர்கள் வீட்டில் இரண்டு வருஷம் தங்கியவன். இப்போது ஊரில் நல்ல பெயர், கோயில் கமிட்டியில் இருக்கிறான். அவன்தான் நாளைக்குக் காலையில் சீர்த்தட்டோடு வந்து, அந்தப் பெண்ணுக்கு மாலை போடப் போகிறான். நாடகம் முந்தின நாள் சாயங்காலம் தொடங்குகிறது.

இந்த அமைப்பில் பார்வையாளர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. சீர், மாலை, முறை எல்லாம் அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பழைய கதை திடீரென்று நாளைக் காலைக்கு வந்து நின்றுவிடுகிறது. பன்னிரண்டு, பதிமூன்று வயசுப் பெண் ஒருத்தி பக்கத்து அறையில் இருக்கிறாள் என்பதால், "போனது போகட்டும்" என்று யாராலும் முடித்துவிடவும் முடியாது. அந்தச் சிறுமியை மேடையில் காட்ட வேண்டாம். அறைக்கு வெளியே கிடக்கிற அவளுடைய செருப்பு போதும்.

பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைகாசி என்று வையுங்கள். காவேரிப்பட்டணம், சந்தூர்ப் பக்கத்து வீடு என்றால் அந்த மாதத்தில் ஓர் அறை முழுக்க வைக்கோல் பரப்பி மாங்காய் பழுக்கும். செந்தூராவும் அல்போன்சாவும் பழுக்கிற வாசனை வீட்டுக்கு வெளியே வரைக்கும் வரும். மேடையில் உண்மையான பழக்கூடை ஒன்றை வைத்தால் முன் வரிசை வரைக்கும் அடிக்கும். நடுவள் மாம்பழம் சாப்பிடுவதில்லை. கிருஷ்ணகிரியில் பிறந்து மாம்பழம் சாப்பிடாத பெண். ஏன் என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை.

ஒரே வீடு, மூன்று நினைவு

நிறைய நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். அவசர அவசரமாக எழுதினால் மூன்று பேரும் அழுகிற ஒரே பெண்ணின் மூன்று நகலாக வந்து நிற்பார்கள்.

பெரியவளை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூரிலேயே கல்யாணம் ஆனவள், வீட்டை மிகச் சுத்தமாக வைத்திருப்பவள். இரவில் தாழ்ப்பாளை மூன்று தடவை பார்ப்பாள். மகளை எந்தச் சொந்தக்காரர் வீட்டிலும் தங்க விட்டதில்லை. "ரொம்பக் கண்டிப்பான அம்மா" என்று ஊரே பாராட்டுகிறது. அவள் அன்றைக்கு வாயைத் திறக்காததற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறாள்: நான் பொறுத்துக்கொண்டால் தங்கச்சிங்ககிட்ட போக மாட்டான். இருபது வருஷமாக அந்தக் காரணத்தின் மேல்தான் அவள் நிற்கிறாள். அது பொய்யாகிப் போகிற நிமிஷம்தான் நாடகத்தின் நடுமையம். அந்த இடத்தில் அவளை அழ வைக்காதீர்கள். பாத்திரம் துலக்கட்டும். ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தை மறுபடியும் துலக்கட்டும்.

நடுவள் ஓசூரில் கம்பெனி வேலை. கலகலப்பானவள், வீட்டில் எல்லாரையும் சிரிக்க வைப்பவள். அவளுக்கு நடந்தது கோர்வையாக நினைவில் இல்லை. இதைப் பலர் நம்புவதில்லை, "இவ்வளவு பெரிய விஷயம் மறக்குமா" என்பார்கள். மிகப் பெரிய பயத்தில் மூளை சம்பவத்தை எப்போதும் வரிசையாகப் பதிந்து வைப்பதில்லை. வாசனை, ஒரு சத்தம், உடம்பின் ஒரு பகுதி என்று துண்டு துண்டாகவே பல சமயம் தங்குகிறது. அதனால்தான் காரணம் தெரியாமல் மாம்பழ வாசனையில் குமட்டுகிறது, பின்னால் யாராவது வந்து நின்றால் கை உறைந்துவிடுகிறது. பேச்சின் நடுவில் சில நொடி காணாமல் போய்விட்டுத் திரும்பி வந்து, ஒரு ஜோக் சொல்வாள். நடிகைக்கு இது கஷ்டமான பாத்திரம். குழுவில் நன்றாக நடிப்பவள் யாரோ அவளுக்கு இதைக் கொடுங்கள். பெரும்பாலும் அவளைக் கோபக்காரப் பாத்திரத்துக்குப் போட்டுவிடுகிறார்கள்.

சின்னவள் சென்னையில் நர்ஸ். கோபக்காரி, எதையும் முகத்துக்கு நேரே சொல்பவள். நாளைக்கு அவன் வரக்கூடாது என்று முதலில் சொல்வது அவள்தான். ஆனால் அவளுக்கு எதுவும் நடக்கவில்லை. நாலு வயசில் கதவுக்கு வெளியே நின்று ஏதோ கேட்டவள், அந்த வீட்டின் பயத்திலேயே வளர்ந்தவள். "உனக்கு என்னடி தெரியும்" என்று மற்ற இருவரும் கேட்கும்போது அவளிடம் பதில் இல்லை. பாதிக்கப்பட்டவள்தான் கத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இது உடைக்கிறது. எனக்குப் பிடித்ததே இந்த மூன்றாவது பாத்திரம்தான்.

வசனம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

சின்னவள்: நீ ஏன்க்கா மாம்பழமே தொட மாட்டேங்கற?
நடுவள்: சூடு பிடிக்கும்.
சின்னவள்: சின்ன வயசுல சாப்பிடுவியே.
நடுவள்: அப்ப சூடு தெரியல.
(பெரியவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறாள்.)

இதற்குப் பின்னணி இசை போட்டால் கெட்டது.

அம்மாவை வில்லி ஆக்காதீர்கள். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று அவள் கேட்பாள், எல்லா அம்மாவும் கேட்பதுதான். உண்மையில் நடுவள் சொல்லியிருக்கிறாள், அவளுக்குத் தெரிந்த மொழியில். தினமும் சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்றாள். பாட்டி வீட்டில் போய்ப் படுத்துக்கிறேன் என்றாள். அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள். எட்டு வயசுக் குழந்தை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும் என்று பார்வையாளர்கள் தங்களையே கேட்டுக்கொள்கிற இடம் இது. அவர்களில் எத்தனையோ பேர் ஓமத்தண்ணி கொடுத்தவர்கள்.

அவனை எப்படிக் காட்டுவது

சம்பவத்தைக் காட்ட வேண்டாம் என்று சொன்னேன். நிழலாக, சிவப்பு லைட்டில், குழந்தையின் அலறலோடு காட்டுவதும் காட்டுவதுதான். அதுவும் வேண்டாம்.

இதற்கு வழி வெளியே தேட வேண்டாம், நம்மூர்க் கூத்திலேயே இருக்கிறது. துகில் கூத்து பார்த்திருப்பீர்கள். திரௌபதியின் சேலையைத் தொடும் முன்பு துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். வேஷம் போட்டவர் வேறு, செய்கிற பாதகம் வேறு என்று அந்த நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டுத்தான் காட்சி நகரும். எவ்வளவு நாளாக எவ்வளவு பக்குவமாக இதை யோசித்து வைத்திருக்கிறார்கள்! அதே போல வேஷம் உள்ளே வரும்போது இரண்டு பேர் பிடிக்கும் திரை. திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும். அதற்கே சபை நிமிர்ந்து உட்காரும்.

அந்தத் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா மகன் நாடகம் முழுக்கத் திரைக்குப் பின்னால்தான். நல்ல வேட்டி, பளபளக்கிற செருப்பு, சீர்த்தட்டைப் பிடித்த கை. குரல் அன்பாக இருக்கட்டும். "என்னம்மா, எல்லாரும் வந்தாச்சா?" முகம் தெரியாததால் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த முகத்தை அங்கே வைத்துக்கொள்வார்கள். அந்தக் குரலுக்கு மீசை முறுக்கும் வில்லன் ஆளைத் தேடாதீர்கள். பேச்சில் மரியாதையும் சிரிப்பும் உள்ள ஆள் வேண்டும்.

திரை பிடிக்கவும், மிருதங்கமோ முகவீணையோ வாசிக்கவும் பக்கத்துக் கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், கேளுங்கள். அவர்களுக்குப் பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுங்கள். சால்வை மட்டும் போர்த்தி அனுப்புகிற பழக்கம் இனி வேண்டாம். கூத்தில் கதை சொல்லிச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரனைக் கொண்டு வரலாமா என்று கேட்பார்கள். வரலாம், சீர்வரிசைக் கணக்கையும் சொந்தக்காரர்களின் பந்தாவையும் கிண்டல் செய்யட்டும். அந்த மூன்று பெண்கள் பக்கம் அவன் நகைச்சுவை திரும்பக்கூடாது.

முடிவு

இரண்டு முடிவுகள் தானாக வந்து விழும். ஒருத்தி செத்துப்போவது ஒன்று. இன்னொன்று, சின்னவள் அங்காளம்மனாக ஆவேசம் வந்து அவனைச் சூலத்தால் குத்துவது. மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்த ஊர், கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். முதலாவது, பந்தலில் இருக்கிற பாதிக்கப்பட்ட பெண்ணிடம் உனக்கு வேறு வழி இல்லை என்று சொல்கிறது. இரண்டாவது, சாமி பார்த்துக்கொள்ளும் என்று ஊரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

சின்னதாக, செய்யக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். விடிகிறது. மேளம் நெருங்கி வருகிறது. மாலையை யார் போடுவது? பெரியவள் எழுந்து அவன் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொள்கிறாள், அவனை உள்ளே கூப்பிடவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊர் என்ன பேசும், அம்மா பக்கம் நிற்பாளா, போலீசுக்குப் போவார்களா என்பதையெல்லாம் முடிக்காமல் விடலாம்.

நடிகர்களும் ஒத்திகையும்

எல்லாப் பாத்திரத்துக்கும் 18 வயது தாண்டியவர்கள் மட்டும். குழந்தைப் பருவம் வந்தால், அதே நடிகை தரையில் உட்கார்ந்து ரெட்டை ஜடையைப் பின்னிக்கொண்டால் போதும். "எங்க ஸ்கூல் பிள்ளைங்க நல்லா நடிப்பாங்க" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்களைச் சேர்க்கும்போதே கதை முழுவதையும் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். மாமியாருக்கோ கணவருக்கோ போஸ்டர் பார்த்துத்தான் தெரிந்தது என்றால் அந்த நடிகை இரண்டாவது காட்சிக்கு வரமாட்டாள்.

ஒத்திகைக்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். யார் யாரை எங்கே தொடலாம் என்பதைக் காட்சிக்குக் காட்சி முன்கூட்டியே பேசிவிட வேண்டும், மேடையில் திடீரென்று மாற்றக்கூடாது. யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லலாம், சொன்ன உடனே நிற்க வேண்டும், ஏன் என்று விசாரணை கிடையாது. கனமான காட்சியை ஒரே நாளில் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், இரண்டு தடவைக்கு மேல் நடிகைக்கும் பலன் இல்லை, காட்சிக்கும் பலன் இல்லை. இயக்குநர் ஆண் என்றால், குழுவில் நடிகைகள் நம்பிப் பேசக்கூடிய பெண் ஒருவர் உதவி இயக்குநராக இருக்கட்டும். பெயரளவுக்கு இல்லை, ஒத்திகையை நிறுத்தும் அதிகாரத்தோடு.

முடிக்கும்போது பாத்திரத்தை அங்கேயே கழற்றி வைக்க வேண்டும். கூத்துக்காரர்கள் விடிந்ததும் அரிதாரத்தை எண்ணெய் போட்டுத் துடைத்து, சலங்கையைக் கழற்றி, டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அதுதான் அவர்கள் மனுஷனாகத் திரும்பி வரும் வழி. நீங்களும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் துப்பட்டாவை மடித்துப் பெட்டியில் வைத்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, ராத்திரிக்கு வீட்டில் என்ன சாப்பாடு என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். எல்லாம் கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் முடிய வேண்டும்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியது

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். நாடகக் குழுவுக்கு இரண்டு பிரிவுகள் முக்கியம்.

பிரிவு 19ன்படி, ஒரு குழந்தைக்கு எதிராகக் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கப் போகிறது என்று அஞ்சினாலோ, போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது யாராக இருந்தாலும் கடமை. தெரிந்தும் மறைத்தால் பிரிவு 21ல் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது. ஆகவே நாடகம் முடிந்து ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் உங்களிடம் வந்து பேச ஆரம்பித்தால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. "உனக்கு உதவ இதை ஒன்றிரண்டு பேர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும், நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லுங்கள். நடந்ததைத் துருவித் துருவிக் கேட்பது உங்கள் வேலை இல்லை.

நாற்பது வயசுப் பெண் தன் பழைய கதையைச் சொன்னால் நிலைமை வேறு. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் நெருக்கக்கூடாது. ஆனால் அதே ஆள் இன்றைக்கும் ஒரு குழந்தையோடு ஒரே வீட்டில் இருக்கிறான் என்று அவர் சொன்னால், மேலே சொன்ன கடமை வந்துவிடுகிறது. உங்கள் நாடகத்தில் பெரியவளின் சிக்கலும் இதுதான்.

பிரிவு 23, குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, தெரு என்று அடையாளம் தரும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது. துண்டறிக்கையில் "உண்மைச் சம்பவத்தின் அடிப்படையில்" என்று போட்டு ஊரையும் போடுகிற ஆசை வரும். போடாதீர்கள்.

இடம், நாள், அனுமதி

இது சுலபம். தருமபுரி, கிருஷ்ணகிரியில் கல்லூரி அரங்கம் அல்லது சிறிய கல்யாண மண்டபம். கிராமத்தில் என்றால் பள்ளி வளாகத்தைவிடச் சமுதாயக் கூடம் மேல். திறந்த திடலில் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. நடுவில் எழுந்து போக விரும்புபவருக்கு வழி வேண்டும், சும்மா வேடிக்கை பார்க்கிறவர்கள் ஓரத்தில் நின்று கமெண்ட் அடிக்கவும் கூடாது. மைக்செட் போட்டால் போலீஸ் அனுமதி எழுதி வாங்குங்கள், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. ஒரு மணி நேர நாடகம் போதும்.

நாள் பார்க்கும்போது யார் வர வேண்டுமோ அவர்களுடைய வேலையை நினையுங்கள். மாம்பழ சீசனில் கூழ் ஆலைகளில் பெண்களுக்கு ஷிப்ட் இருக்கும். பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் சனிக்கிழமை ராத்திரிதான் வீடு வந்து சேருவார்கள். ஞாயிறு சாயங்காலம் பொதுவாகச் சரிப்படும். பங்குனி, சித்திரையில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்ப்பக்கம் போகாதீர்கள், உங்களுக்குக் கூட்டமும் வராது, கலைஞர்களும் கிடைக்க மாட்டார்கள்.

சிறப்பு விருந்தினர் வேண்டாம். நாடகம் முடிந்ததும் ஒரு பெரிய மனிதர் மைக் பிடித்து, "பெண் பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், உடையில் கவனம் வேண்டும்" என்று பத்து நிமிஷம் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். மூன்று மாத உழைப்பு அந்தப் பத்து நிமிஷத்தில் காலி. பொன்னாடைக் காசை மிருதங்கக்காரருக்குச் சேர்த்துக் கொடுங்கள்.

நாடகத்தன்று

திரை தூக்கும் முன் ஒருவர் வந்து சாதாரணமாகச் சொல்ல வேண்டும்: "சின்ன வயசுல வீட்டுக்குள்ள நடந்த பாலியல் கொடுமையால பாதிக்கப்பட்ட மூணு சகோதரிகளோட கதை இது. மேடையில அந்தச் சம்பவம் எதையும் காட்ட மாட்டோம். ஆனாலும் யாருக்காவது கஷ்டமா இருந்தா எப்ப வேணாலும் எழுந்து போகலாம், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. பின்னாடி இடது பக்கத்துல தண்ணி வச்சிருக்கோம், அங்க ஒரு அக்கா இருக்காங்க." சின்னப் பிள்ளைகளோடு வந்தவர்கள் அப்போதே முடிவு செய்துகொள்ளட்டும். போன் கேமராவுக்கு அனுமதி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். யூடியூபில் ஒரு துண்டு வந்தால் போதும், "அந்தப் பொண்ணுக்கே அப்படி ஆச்சாமே" என்று நடிகையைப் பற்றியே கதை கிளம்பிவிடும்.

பின்னால் உட்காருகிற அந்த அக்காவைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்திலோ முன்கூட்டியே கடிதம் கொடுத்து ஆலோசகர் ஒருவரைக் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டு ஊரிலும் இருக்கிறது, மனநலப் பிரிவில் பேசிப் பாருங்கள். யாரும் கிடைக்கவில்லை என்றால் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த, ஊர் வம்பு பேசாத ஒரு பெண். அவர் கையில் எண்கள் இருக்க வேண்டும்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மன உளைச்சலுக்கு டெலி மானஸ் 14416. அனைத்து மகளிர் காவல் நிலைய எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்களைச் சின்னச் சீட்டாக அச்சடித்து, கூட்டத்தில் விநியோகிக்காமல், பெண்கள் கழிப்பறைக்கு உள்ளே வைத்துவிடுங்கள். யாரும் பார்க்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

முடிந்ததும் "யாருக்காவது இப்படி நடந்திருந்தா எழுந்து பேசுங்க" என்று மைக்கை நீட்டாதீர்கள். கலந்துரையாடல் வேண்டுமென்றால் கேள்வியை மேடையில் இருக்கிற ஆட்களைப் பற்றியே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அன்றைக்கு என்ன செய்திருக்கலாம்? பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்குமா? தட்டை வாங்கினதுக்கு அப்புறம் பெரியவளுக்கு யார் துணை? இப்படிக் கேட்டால் ஆண்களும் பேசுவார்கள், அவர்கள் பேச வேண்டும். நேரத்தைக் கறாராக வைத்து முடித்துவிடுங்கள், தனியாகப் பேச வருபவர்களுக்கு அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நடிகைகள் மூவருக்கும் திரை பிடித்தவர்களுக்கும் போன் செய்யுங்கள். தூக்கம் வந்ததா, வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேளுங்கள். நாடகம் நன்றாகப் போனால் அரூரிலிருந்தோ பர்கூரிலிருந்தோ அடுத்த அழைப்பு வரும். அந்தக் குழுவுக்குத் தேதி கொடுக்கும் முன்பு நடிகைகளிடம் கேட்டுவிடுங்கள். நடுவள் வேஷத்துக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே இன்னொருத்தியைப் பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்திருப்பது நல்லது.